ஒரு வருஷம் சும்மா கிடந்த பெட்டி

மேஸ்திரி எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பழைய அணு உலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். தோரியம் வந்துவிட்டால் யுரேனியத்துக்காக எவன் வாசலிலும் போய் நிற்க வேண்டாம், மண்ணோடு மண்ணாக வேண்டிய மட்டும் கொட்டிக் கிடக்கிறது என்று புது ஆலையின் திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் பேசியபோது, பின்வரிசையில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். அப்புறம் மீட்டரம்மா எல்லாரையும் கூட்டி வைத்துப் புதுச் சரக்கைப் பற்றி வகுப்பெடுத்தாள். கதிர்வீச்சை அளக்கிற பெண் அவள். அந்த வகுப்பில் அவர் நன்றாகத் தூங்கினார்.

தோரியத்தை உலையில் வைத்து எடுத்தால் அதற்குள் வேறொரு யுரேனியம் பிறந்திருக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, பொடியாக்கி, மறுபடி எரிபொருளாக்குவதுதான் ஆலையின் வேலை. பொடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் பக்கத்தில் ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். வெளியே நின்று அவற்றுக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

மேலே இருப்பவர்களுக்குள் ஏதோ தகராறு. ஆலையை ஒரு வருஷம் இழுத்து மூடிவிட்டார்கள். திறந்தபோது பெட்டியில் பொடி அப்படியே இருந்தது, கையுறைகள்தான் காய்ந்து வெடித்துப் போயிருந்தன. அவற்றை மாற்றும் வேலை மேஸ்திரியின் மருமகனுக்கு வந்தது. மேஸ்திரி கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த ஆலை முழுவதற்குமே அவன் மாப்பிள்ளைதான்.

"மீட்டரம்மா வரட்டும் மாமா. அளக்காம பெட்டி இருக்கற அறைக்குள்ள போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அந்தப் பொண்ணு வந்து அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கறதுக்குள்ள உங்க தலை நரைச்சிடும் மாப்பிள்ளை. ஒரு வருஷமா அணைஞ்சு கிடக்கற அடுப்பு. பழைய உலையில எத்தனை பாத்திருக்கேன். போட்டு வச்சா எல்லாம் தானா ஆறிடும்."

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றான் கூட நின்ற வெல்டர். "மாமனார் பேச்சைத் தட்டினா ராத்திரிக்குச் சோறு கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை உள்ளே போனான்.

ஒரு கையுறையை மாற்றி முடித்திருப்பான். சட்டைப்பையில் இருந்த கதிர்வீச்சு அலாரம் கத்தத் தொடங்கியது. கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"மாமா, இது கத்துது."

"ஒரு வருஷம் அலமாரியில கிடந்த அலாரம். பேட்டரி கெட்டிருக்கும். இன்னும் ஒண்ணுதானே, முடிச்சிட்டு வந்துடுங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் வெளியே வந்திருப்பான். மாமா சொன்னதால் திரும்பிப் போனான்.

மீட்டரம்மா வந்து சேர்ந்தபோது இரண்டாவது கையுறையும் முடியும் தறுவாயில் இருந்தது. கதவருகே மீட்டரை நீட்டியவள் முள்ளைப் பார்த்ததும் அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு மேஸ்திரியிடம் வந்தாள்.

"இது உங்க பழைய சரக்கு இல்ல மேஸ்திரி. சுத்தம் பண்ண அன்னிக்கு சாதுவாத்தான் இருக்கும். போட்டு வச்சா உள்ளுக்குள்ளயே குட்டி போடும். அந்தக் குட்டிங்கதான் கதிரைக் கக்கும். ஒரு வருஷத்துல அது ஏறத்தான் ஏறும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். வருஷம் பூராவும் ஒரு உடம்புக்கு அனுமதித்த கதிர்வீச்சைக் காட்டிலும் அதிகமாக ஒரே நாளில் வாங்கியிருக்கிறான் என்றார். இப்போதைக்கு ஒன்றும் தெரியாது, பின்னாலும் ஒன்றும் வராமலே போகலாம், ஆனால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். குழந்தைப் பேச்சைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடச் சொன்னார். மேஸ்திரியின் மகள் முந்தின நாள்தான் ஒரு பழைய தொட்டிலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து விசாரணை. மாப்பிள்ளைதான் முதலில் உள்ளே போனான். வெளியே வந்து பெஞ்சில் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானாத்தான் போனேன், அலாரம் காதுல விழலன்னு சொல்லிட்டேன் மாமா. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"உங்க வேலை போயிடுமே."

"வேற எங்கயாவது பாத்துக்கறேன். ஓய்வு பெறப் போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த அசிங்கம்."

அதிகாரிகள் பொய் சொல்வார்கள் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். தனக்காக ஒருத்தன் பொய் சொல்லி, அதை வாங்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

உள்ளே போனார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"அவர் சொன்னது பொய். அனுப்பினது நான். கத்துதுன்னு வந்து சொன்னாரு, திருப்பி அனுப்பினதும் நான்தான்."

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் வாசலில் நின்றாள்.

"அலாரம் கத்துனது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உள்ள இருக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

அவள் கணவனின் பையை வாங்கி, அவன் முதுகில் கைவைத்து உள்ளே கூட்டிப் போனாள். அப்பாவை வா என்று சொல்லவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. மேஸ்திரி தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்.