வால்வில் கட்டிய கம்பி

காலை ஏழு மணிக்கே சலவைக் கடைக்காரர் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தார். பாய்லரின் பாதுகாப்பு வால்வை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய வால்வு அது. பத்து நாளாக ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. அது சீறினால் இஸ்திரி மேடைக்கு நீராவி போதவில்லை. ஹோட்டலிலிருந்து வந்த நானூறு படுக்கை விரிப்புகளோ மாலை நான்கு மணிக்குள் தேய்த்துப் போயாக வேண்டும்.

இந்த மனிதருக்குத் தெருவில் ‘விறைப்பு’ என்று பட்டப்பெயர். காலருக்குப் போடும் கஞ்சியில் தானும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருகிறாரோ என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். எடுத்த முடிவிலிருந்து அவரை இறக்க யாராலும் முடியாது. முந்தின நாள் மெக்கானிக் முயன்று பார்த்தான்.

“அண்ணே, பாய்லர் தகடு தேஞ்சு போச்சு. இனிமே இதைப் பத்த வைக்காதீங்க. வாடகைக்கு நல்ல பாய்லர் ஒண்ணு இருக்கு, நாளைக்கே கொண்டு வரேன்.”

“ரெண்டு வருஷத்துல மூணு லட்சம் போட்டிருக்கேன்டா இதுல! பர்னர் மாத்தினேன், குழாய் மாத்தினேன். இப்பப் போய்த் தூக்கிப் போடச் சொல்றியா? நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு? இன்னும் ஒரு நாப்பதாயிரம் போட்டா ஓடும்.”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை அடுத்தவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்பவர்தான் அவர். தன் பாய்லருக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை.

“ஏங்க, இன்னைக்கு அந்தச் சத்தமே இல்லையே! சரி பண்ணிட்டீங்களா?” என்று மனைவி இஸ்திரி மேடையிலிருந்து கேட்டாள். மேடைக்கும் பாய்லருக்கும் நடுவே நாலடி கூட இல்லை. பகல் முழுக்க அவள் நிற்பது அந்த நாலடிக்குள்தான்.

“ம்” என்றார். சொன்ன பிறகு அவளைப் பார்க்க முடியாமல் முன்னறைக்கு வந்துவிட்டார்.

அங்கே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பெண் ஒரு கட்டுத் தாளோடு காத்திருந்தாள். பணத்தைப் பற்றி மனிதர்கள் எப்படி முடிவு எடுக்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. ஒரு வாரமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறாள்.

“அஞ்சு நிமிஷம்தான், அண்ணா. படிச்சுட்டு மனசுல தோணுறதை எழுதுங்க.”

தாளில் ஒரு கதை இருந்தது. அச்சகக்காரர் ஒருவரிடம் பழைய இயந்திரம். பழுது பார்க்க ஐம்பதாயிரம் ஆகும்; பார்த்தாலும் ஓராண்டு ஓடுமா என்பது சந்தேகம். அதே செலவில் நல்ல இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

விறைப்பு சிரித்தார். இந்தக் கேள்விக்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா? ‘பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்லுங்கள். யோசிக்க என்ன இருக்கிறது?’ என்று எழுதி நீட்டினார்.

“ஏங்க! பிரஷர் முள்ளு சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல போகுது!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அது பழைய முள்ளு. கூடத்தான் காட்டும். நீ வேலையைப் பாரு.”

சொல்லிவிட்டாரே தவிர, மனம் உள்ளேயே இருந்தது. அந்தப் பெண் புறப்பட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றிருந்தது. பார்க்க வேண்டியிருக்குமே என்று பயமாகவும் இருந்தது. பேச்சை வளர்த்தார்.

“இதுல என்னம்மா கண்டுபிடிப்பீங்க?”

“இந்தத் தெருவுல உங்க கடைதான் கடைசி, அதனால சொல்றேன்” என்று அவள் இன்னொரு தாளை எடுத்தாள். “நாப்பது கடையில பாதிப் பேருக்கு இதைக் கொடுத்தோம். அதே கதை. ஒரே ஒரு வரிதான் கூடுதல்.”

அவர் படித்தார். ‘இதுவரை இந்த இயந்திரத்தைப் பழுது பார்க்க அவர் இரண்டு லட்சம் செலவழித்திருக்கிறார்.’

“உங்க தாளை வாங்கினவங்கள்ல பதினேழு பேர் தூக்கிப் போடுன்னு எழுதினாங்க. இதை வாங்கினவங்கள்ல ஆறு பேர்தான். மத்தவங்க இன்னும் பழுது பார்க்கச் சொல்லிட்டாங்க.”

“முட்டாளுங்க கையில இந்தத் தாள் மாட்டியிருக்கும்.”

“அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தோம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்கதான். மாத்தினது அந்த ஒரு வரி, அண்ணா. தூக்கிப் போட்டாலும் அந்த ரெண்டு லட்சம் திரும்பாது, பழுது பார்த்தாலும் திரும்பாது. ஆனா நஷ்டம்னு ஒத்துக்க மனசு வராம, மேல மேல போடுறோம்.”

அவர் கை தாளை விடவில்லை. ரெண்டு லட்சம் என்ற இடத்தில் மூணு லட்சம் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தனக்கு அந்தத் தாள் எப்போதோ கிடைத்துவிட்டது. பதிலைக் காலையில்தான் கம்பியால் கட்டி எழுதியிருக்கிறார்.

உள்ளே குழாய்கள் உறுமத் தொடங்கின.

“ஏங்க, முள்ளு கோட்டைத் தாண்டிடுச்சுங்க!”

அவர் ஓடினார். கேஸைத் திருகி அடைத்தார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“விரிப்பு கருகிடும், கையை விடுங்க!”

“கருகட்டும். வா!”

தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு அவளையும் அந்தப் பெண்ணையும் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்துக் கடைகளைப் பார்த்து வெளியே வரச் சொல்லிக் கத்தினார். விறைப்பு கத்தி யாரும் கேட்டதில்லை; எல்லோரும் ஓடி வந்தார்கள். அரை மணி நேரம் எல்லோரும் கடை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உறுமல் மெல்ல மெல்ல அடங்கி, பிறகு நின்றது. வெடிக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் மனைவியிடம் சொன்னார். “அது சரியாகலை. வால்வை நான் கம்பி போட்டுக் கட்டிட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“மூணு லட்சம் போட்டோம்னு அதைக் கைவிட உங்களுக்கு மனசு வரலை. இருபது வருஷமா என் உடம்பை இந்தக் கடையில போட்டிருக்கேன். என்னைக் கைவிட மட்டும் எப்படிங்க மனசு வந்துச்சு?”

விறைப்பாக நின்றே பழகிய மனிதர் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹோட்டல்காரருக்குப் போன் போட்டு, துணி இன்று வராது என்றார். அந்தப் பக்கம் விழுந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டார். அடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“வாடகை பாய்லரைக் கொண்டு வா. பழசை எடுத்துட்டுப் போயிடு.”

“நிஜமாவா, அண்ணே? மூணு லட்சம் போட்டேன்னு நேத்து அந்தக் குதி குதிச்சீங்களே!”

“போட்ட காசு போட்டதுதான்டா. அழுதாலும் வராது, இன்னும் நாலு லட்சம் கொட்டினாலும் வராது. முடிவு எடுக்கிறப்போ போனதைப் பார்க்கக் கூடாது. இனிமே என்ன போகப் போகுதுன்னுதான் பார்க்கணும். நான் போன காசைப் பார்த்துக்கிட்டே, போக இருந்த பொண்டாட்டியைப் பார்க்காம விட்டுட்டேன்.”