மேட்டு வரிசைக் குச்சிகள்

அகாயு மலையூரில் பனி முழங்காலளவு கிடக்கும் மாதத்தில் ஒயின் ருசிக்க வருபவர்கள் குறைவு. வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, பொழுது போகாமல் சரிவேறி வரும் ஒன்றிரண்டு பேர்தான். ஹிராய்வாவையும் அப்படி வந்தவர் என்றுதான் மிசாவோ முதலில் நினைத்தாள்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கலாமா என்று அவர் கேட்க, அவள் கணவன் தோகுஜி கூட்டிப்போனான். இங்கே பந்தல் தாழ்வு. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் நாலடி போவதற்குள் கம்பியில் நெற்றி இடிக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே தோகுஜி எச்சரிக்கமாட்டான். இவருக்கு இடிக்கவில்லை. பேசிக்கொண்டே, குறுக்குக் கம்பி வரும் இடத்திலெல்லாம் தானாகக் கழுத்தை மடக்கிக்கொண்டார். ஜன்னலில் நின்ற மிசாவோவுக்கு அது பிடிக்கவில்லை.

உள்ளே வந்ததும் தோகுஜி தேநீர்க் கிண்ணங்களில் ஒயினை ஊற்றினான்.

"செண்டாய்ல விலாங்கு மீன் சுட்டு விக்கிற கடை வெச்சிருக்காராம்," என்றான் மனைவியிடம்.

மிசாவோ அவர் கைகளைப் பார்த்தாள். தணலுக்கு முன்னால் நிற்பவரின் கையில் ஒரு சூட்டுத் தழும்புகூட இல்லை.

ஹிராய்வா கிண்ணத்தை முகர்ந்தார். குடித்தார். கண்ணை மூடினார்.

"பேரிக்காய்த் தோலு. அப்புறம் கடைசியில சின்னதா ஒரு கசப்பு. அந்தக் கசப்பு இல்லேன்னா இது வெறும் பழச்சாறு, தோகுஜி-சான்."

தோகுஜிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கசப்பை ஒருவரும் இதுவரை கண்டுகொண்டதில்லை. "எல்லாம் அதோ அந்த மேட்டு வரிசைல காய்க்கிறது," என்று ஜன்னல் வழியே கை காட்டியேவிட்டான்.

மிசாவோ அவனை முறைத்தாள். எப்போதோ ஒரு கொடியில் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி காய்த்தது. அதிலிருந்து ஒட்டுக்கட்டி, பட்டுப்போனதை மறுபடி ஒட்டி, அந்த ஒரே வரிசையைத் தேற்ற இருவருக்கும் பாதி வயசு போயிருந்தது. அது இன்னும் அவர்கள் ரகமாக எங்கேயும் பதிவாகவில்லை. உயிருள்ள மொட்டோடு ஒரு குச்சி வெளியே போனால் போதும், வேறு யாருடைய மலையிலும் அது முளைக்கும்.

"கவாத்துப் பண்ணி வெட்டிப்போட்ட குச்சிங்க அங்க பனிமேல கெடந்துச்சே," என்றார் ஹிராய்வா. "ஒரு கட்டு எடுத்துக்கட்டுமா? தணல்ல போட்டா மீனுக்கு நல்ல வாசம் வரும்."

"தாராளமா! எரிக்கிறதுதானே."

"நீங்க உக்காருங்க, பனி வழுக்கும்," என்று மிசாவோ எழுந்தாள். "நானே கட்டித் தரேன்."

தோகுஜி பின்னாலேயே வாசல்வரை வந்து கிசுகிசுத்தான். "உனக்கு யாரு வந்தாலும் திருடன்தான். அன்னிக்கு மீட்டர் பாக்க வந்தவனையே வெரட்டின."

"அவன் மீட்டரை விட்டுட்டுக் கொடியைப் பாத்தான்."

மேட்டு வரிசைக்கடியில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு குச்சியாக எடுத்து, கணுவுக்குக் கணு மொட்டுகளைக் கத்திரியால் அடியோடு நறுக்கி எறிந்தாள். விரல் மரத்தது. அவர் நிஜமாகவே மீன் சுடுகிறவர் என்றால் ஒரு நஷ்டமும் இல்லை. நெருப்புக்கு மொட்டு வேண்டாம்.

திரும்பியபோது தோகுஜி மூன்றாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஹிராய்வா குச்சிக்கட்டை இரு கையாலும் வாங்கித் தலை குனிந்தார்.

"ரொம்ப நன்றி, ஒகுசான்," என்றார் வீட்டம்மாவிடம்.

விறகு வாங்குகிறவன் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். அவருடைய கட்டைவிரல் குச்சியின் மேல் ஊர்ந்து கணுவில் நின்றது. அடுத்த கணுவுக்குப் போனது. அடுத்த குச்சிக்குப் போனது.

"மொட்டெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

தோகுஜியின் கையில் பாட்டில் சாய்ந்தபடியே நின்றது. 

"மீன் சுட மொட்டு எதுக்கு, ஹிராய்வா-சான்?" என்றான் மெதுவாக.

அவர் குச்சிக்கட்டை மேசைமேல் வைத்தார். கிண்ணத்தில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். ஆழமாக வணங்கிவிட்டு வெளியேறினார். கார் சரிவிறங்கும் சத்தம் ஓயும்வரை தோகுஜி வாசலையே பார்த்திருந்தான்.

பிறகு கட்டைப் பிரித்து, குச்சிகளை அடுப்பில் போட்டான். அறையெங்கும் இனிப்பாகப் புகைந்தது.

"மீனுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றான்.