எதிர்த்து ஒரு வார்த்தை

அருள்நாதன் எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து நான் ஒரு வழக்கில்கூடத் தோற்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் கறுப்பு கோட்டு போட்டவர்களாக இருக்க முடியாது. நல்ல வக்கீல் பாதி வழக்கில் தோற்பார். தோற்றுவிட்டு வராந்தாவில் நின்று ஜட்ஜைத் திட்டுவார், கேன்டீனில் ஒரு டீ குடிப்பார், மறுநாள் அப்பீலுக்கு உட்காருவார். அந்தச் சுகமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

அருள்நாதன் எனக்கு அறிமுகமானதே ஜாமீனில்தான். மறியல் செய்து உள்ளே போவது அவருக்கு வேலை. வெளியே எடுப்பது எனக்கு வேலை. திருச்சி கோர்ட்டில் அப்போதிருந்த மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தாலே எரிந்து விழுவார். "உங்க ஆளுக்கு வீடு வாசல் கிடையாதாம்மா?" என்று கேட்பார். நானும் விடமாட்டேன், பதிலுக்குப் பதில் கொடுப்பேன். சில நாள் ஜாமீன் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைத்த நாளில் அது என்னால் கிடைத்தது. அந்த நிச்சயத்தில்தான் அவரைக் கல்யாணமும் செய்துகொண்டேன்.

இப்போது நான் கோர்ட்டுக்குள் நுழைந்தால் நாற்காலி தானாக வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் வாய்தா கேட்பார், பிறகு சமாதானம் பேசலாமா என்பார், கடைசியில் காணாமலே போய்விடுவார். கட்சி ஆட்கள் 'அண்ணி' என்று கூப்பிடுவது பழகிவிட்டது. ஒருநாள் பெஞ்ச் கிளார்க்கும் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டபோது, வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதனால்தான் ஜஹானாராவின் வழக்கில் எதிர்த்தரப்புக்கு மார்ட்டின் வக்காலத்து போட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்ட்டினும் நானும் ஒரே சீனியரிடம் ஜூனியராக இருந்தவர்கள். குறுக்கு விசாரணையில் அவனை மிஞ்ச திருச்சியில் ஆள் கிடையாது. அவன் கேட்கிற கேள்வியில் சாட்சிக்குச் சொந்தப் பெயரே மறந்துவிடும். எம்.எல்.ஏ.வாவது, மண்ணாவது என்று பேசுகிறவன். இவனாவது என்னோடு சண்டை போடுவான் என்று நம்பினேன்.

வழக்கும் சண்டைக்குத் தகுந்த வழக்கு. திருவானைக்காவலில் ஒரு வீடு. அப்பா இறந்ததும் அண்ணன் ஜமால் தன்னைப் படியேற விடவில்லை, தனக்குச் சேரவேண்டிய மூன்றில் ஒரு பங்கைப் பிரித்துத் தர வேண்டும் என்று ஜஹானாரா ஸ்ரீரங்கம் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். ஜமால் சொன்ன பதில் வேறு. அத்தா உயிரோடு இருக்கும்போதே நாலு பேரை வைத்து வீட்டை எனக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டார், சாவியையும் கையில் தந்தார் என்றார். வாய்வார்த்தையாகக் கொடுத்த தானம் அவர்கள் சட்டப்படி செல்லும். ஆனால் கொடுத்ததையும் வாங்கியதையும் வீடு கைமாறியதையும் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் ஜஹானாராவுக்கு ஒன்றுமில்லை, நிரூபிக்காவிட்டால் ஜமால் பங்கு பிரித்துத்தான் தர வேண்டும். யார் சொல்வது நிஜம் என்று எனக்கே தெரியாது. அதற்காகத்தானே விசாரணை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்?

பரீட்சைக்குப் படிக்கிற பெண் மாதிரி படித்தேன். மார்ட்டின் என்னென்ன கேட்பான் என்று நானே கேட்டு ஜஹானாராவைத் தயார் செய்தேன். விசாரணை நாளன்று அவள் கூண்டில் ஏறி, முதல் விசாரணையில் நான் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். ஜட்ஜ் மார்ட்டின் பக்கம் திரும்பினார்.

மார்ட்டின் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நோ கிராஸ், யுவர் ஆனர்."

குறுக்கு விசாரணை இல்லை. ஒரு கேள்விகூட இல்லை. அவ்வளவு பேர் முன்னால் யாரோ என் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஜஹானாரா முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே இறங்கினாள்.

வராந்தாவில் மார்ட்டினின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்னடா இது? உனக்கு வெக்கமா இல்ல?"

"என்கிட்ட ஏன் கத்துற ராணி? நான் கேள்வி எல்லாம் எழுதி வச்சிருந்தேன். என் பார்ட்டி காலையில வந்து எதுவும் கேக்காதீங்கன்னு கும்பிடுறான். நான் என்ன பண்றது?"

"அவருக்கு யார் சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலையாம். தங்கையன் ரெண்டு நாளா அவன் சூட்கேஸ் கடையில வந்து உக்காந்து டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போறானாம். அவ்வளவுதான்."

தங்கையன் என் கணவருக்குக் கார் ஓட்டுகிறவர். கார் ஓட்டுவது அவர் செய்கிற வேலைகளில் சின்ன வேலை.

"உனக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"என் பெரியவளுக்கு இப்பத்தான் கவர்மெண்ட் வேலை உத்தரவு வந்திருக்கு. எந்த ஊர்ல போடுவாங்கன்னு காத்திருக்கோம்," என்றான் மார்ட்டின். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "நீ நல்ல வக்கீல் ராணி. அது இனிமே யாருக்கும் தேவைப்படாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் ஹால் முழுக்கக் கட்சி ஆட்கள். அருள்நாதன் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மனு வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். வந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். கை கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நான் அனுப்பலை ராணி. அந்த கேஸ் பேரே எனக்குத் தெரியாது. டேய் தங்கையா!"

தங்கையன் வந்து நின்றார். "டீதான் அண்ணி குடிச்சேன். அண்ணியோட கேஸாச்சே, எதிர்ப்பார்ட்டி எப்படிப்பட்ட ஆளுன்னு பாத்துட்டு வரலாம்னு. ஒரு வார்த்தை அதட்டிப் பேசலை. பையனோட படிப்பைக்கூட விசாரிச்சேன்."

அது போதாதா? எம்.எல்.ஏ.வின் ஆள் கடையில் உட்கார்ந்து, உங்க பையன் எங்கே படிக்கிறான் என்று கேட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? நான் கத்தினேன்.

"சரி, சரி," என்றார் அருள்நாதன். "நாளைக்குத் தங்கையன் மறுபடி போகட்டும். பயப்படாம கேஸை நடத்துங்கன்னு சொல்லிட்டு வரட்டும். போதுமா?"

சிரிப்பதா, தட்டைத் தூக்கி எறிவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் ஜமால் தரப்புச் சாட்சியம். அவர் கூண்டில் ஏறி, அத்தா வீட்டைக் கொடுத்தார் என்று வாய் திறந்து சொன்னால் வழக்குக்கு இன்னும் உயிர் உண்டு. தங்கையன் போனால் அது மிரட்டல். நானே போனால்? எதிர்த்தரப்புக்காரரை அவருடைய வக்கீல் இல்லாமல் போய்ப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். தெரிந்தேதான் போனேன். கட்சி வண்டி வேண்டாமென்று ஆட்டோவில் போய் மெயின்கார்டு கேட் அருகில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். ஒரு சாதாரண வக்கீலாகப் போய், ஒரு மனிதரிடம் தைரியம் சொல்லிவிட்டு வருவதாக எனக்கு நினைப்பு.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஜமாலின் சூட்கேஸ் கடை. நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் கூல் டிரிங்ஸ் உடைத்தார். எதிர் நகைக்கடை வாசலில் நின்று ஒருவர் போனில் படம் எடுத்தார். ஜமால் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, தொங்கிக்கொண்டிருந்த பைகளுக்கு நடுவில் நின்றார். ஒல்லியான மனிதர். என்னைவிட வயதில் பெரியவர். உட்காருங்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"நான் அவர் சம்சாரமா வரலை, வக்கீலா வந்திருக்கேன்," என்றேன். "நீங்க கேஸை நடத்துங்க. கூண்டுல ஏறி உங்க அத்தா சொன்னதைச் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மேடம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"புரியுதுங்க மேடம். நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேணாம். சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே," என்றார். கூல் டிரிங்ஸ் பாட்டிலை நீட்டிக்கொண்டே, தங்கையனும் வந்திருக்கிறாரா என்று தெருவை எட்டிப் பார்த்தார். அதை நான் பார்த்தேன். ஆனாலும், போகப் போகத் தெளிந்துவிடுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினேன்.

அந்த வாரமே ஜஹானாரா ஒரு டப்பா மணப்பாறை முறுக்கோடு வீட்டுக்கு வந்தாள். "மேடம், அண்ணன் இறங்கி வந்துட்டார்! வீட்டையே எனக்குக் குடுக்கறார். மாடியில ஒரு ரூம் மட்டும் அவருக்கு வேணுமாம், கடைச் சரக்கு போட்டுக்க. சமரச மனு எழுதிடலாம்னு அவங்க வக்கீலே சொல்லிட்டார்."

"நீ கேட்டது மூணுல ஒரு பங்குதானே?"

"அவரா மனசு வந்து குடுக்கறார். அல்லாஹ் குடுக்கறதை நாம ஏன் வேணாங்கணும்?"

அவர் பயத்தில் கொடுக்கிறார், நான் கடைக்குப் போனதுதான் காரணம், இது நியாயமில்லை என்று சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அவள் புருஷன் குவைத்தில் வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வீடு வேண்டும்; என் மனசாட்சியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"திருச்சியில எத்தனையோ வக்கீல் இருக்காங்க மேடம்," என்றாள். "நான் ஏன் உங்ககிட்ட வந்தேன்னு நினைக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என் திறமையைக் கேள்விப்பட்டு வந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வேற வக்கீலை வச்சுக்கோ. நான் விலகிக்கறேன்," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மேடம்? அய்யாவுக்கு எங்க மேல ஏதும் கோவமா? நாங்க யாரும் அவரைத் தப்பாப் பேசலையே."

சமரச மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மனுவைப் பதிவு செய்கிற நாளில் ஸ்ரீரங்கம் கோர்ட்டில் நல்ல கூட்டம். ஜட்ஜ் இளைஞர், புதிதாக வந்தவர். அண்ணனையும் தங்கையையும் முன்னால் அழைத்து, மனுவைப் படித்துக் காட்டி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியை ஜமாலிடம் கேட்டார். "இதுக்கு நீங்க மனசாரத்தான் சம்மதிக்கிறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"இல்லீங்கய்யா. மனசாரத்தான்."

கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. எழுந்தேன். முதல் ஜாமீன் மனுவுக்கு இருந்த பயம் அன்றுதான் திரும்பி வந்தது.

"அய்யா, இதைப் பதிவு பண்ணாதீங்க. நான் எதிர்வாதியோட கடைக்குப் போய் அவரை நேர்ல பாத்தேன். அவங்க வக்கீலுக்குத் தெரியாம. அது தப்பு. அதுக்கப்புறம்தான் அவர் இதுக்குச் சம்மதிச்சிருக்கார். என் மேல என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க, கேஸை விசாரணைக்குப் போடுங்க."

ஜஹானாரா வாயைப் பொத்திக்கொண்டாள். போகட்டும். லைசென்ஸ் போகட்டும், நாளைக்குப் பேப்பரில் வரட்டும், அருள்நாதனுக்கு சீட் கிடைக்காமலே போகட்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மூச்சு சரியாக வந்தது.

"கடைக்குப் போய் என்ன சொன்னீங்க?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"பயப்படாம கேஸை நடத்துங்கன்னு சொன்னேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜும் சிரித்துவிட்டார். "எதிர்ப்பார்ட்டிகிட்ட கேஸை நடத்துன்னு சொல்றது மிரட்டலா மேடம்? ஏங்க, மேடம் உங்களை மிரட்டினாங்களா?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்லீங்கய்யா!" ஜமால் பதறினார். "அன்பாத்தான் பேசினாங்க. எங்க கடைக்கு அவங்க வந்ததே பெரிய மரியாதை."

மார்ட்டின் எழுந்தான். இப்போதும் என்னைப் பார்க்கவில்லை. "எங்க தரப்புல எந்தப் புகாரும் இல்லீங்கய்யா."

"இவ்வளவு நேர்மையா நடந்துக்கற வக்கீல்கள் அபூர்வம்," என்று ஜட்ஜ் பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தேன். ஜஹானாரா என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டாள். அவள் கோபம் நியாயம்தான். அவளுடைய வக்கீலாக நின்றுகொண்டு அவளுக்கு எதிராகப் பேசியிருக்கிறேன். இரண்டு ஜூனியர்கள் வந்து, சூப்பர் மேடம் என்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள். தப்பு செய்தேன் என்று நானே வாய்விட்டுச் சொன்னாலும் அதைப் புகழாக மாற்றித் திருப்பித் தந்துவிடுகிறார்கள். இதற்கு மேல் நான் என்னதான் செய்வது?

"மேடம், மேடம்!"

ஜமால் ஓடி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளே நீங்க ஏன் அப்படி எந்திரிச்சீங்கன்னு இப்பத்தான் எனக்கு உறைச்சது. என் தப்புதான் மேடம். மாடி ரூமை நான் கேட்டிருக்கக் கூடாது. அதையும் தங்கச்சி பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். மனசுல வச்சுக்காதீங்க. அய்யாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இந்த மனிதர் எதைக் கொடுப்பாரோ, அந்தக் கடையைக் கொடுப்பாரோ என்று பயந்து மூடிக்கொண்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கைகூப்பி நின்றவர், நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார்.