அம்மீட்டர் ஊசி

தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் கெடுவாகக் கொடுத்த ஆறு மணி நேரத்தில் மூன்று மணி இருபது நிமிடம் போயிருந்தபோது, பன்விலைக்கும் வத்தேகமைக்கும் நடுவே ஒரு வளைவில் கார் நின்றுவிட்டது.

பின் ஆசனத்தில் அந்தோனிமுத்து முழங்கால்களை மடக்கிப் படுத்திருந்தார். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடமாகக் கணக்கெழுதும் கிளாக்கர். குடலிறக்கம் அவருக்குப் பழைய தொல்லை. மல்லாந்து படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அன்று காலை போகவில்லை. டிஸ்பென்சர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி.

"நாலு மணிக்குள்ள கண்டி ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் நடக்கணும். பிந்தினா குடல் அழுகிடும்" என்றார்.

கார் வந்து சேரவே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அது பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஆலையைப் பார்க்கும் டீமேக்கர் ஹென்றியின் கார். வருகிற ஞாயிறு கோயிலில் அவனுக்கும் அந்தோனிமுத்துவின் மகள் ஐரினுக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்க ஏற்பாடாகியிருந்தது.

அந்த ஏற்பாடு ஒருமுறை அறுந்து ஒட்டியது. ஐரின் கொழும்பில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள். பெண் பார்க்க வந்த அன்று ஹென்றி, மழைக்காலத்தில் ஈரக் காற்று கனத்துப் போவதால்தான் ஆலையில் தேயிலைக் கொழுந்து வாடத் தாமதமாகிறது என்றான். ஈரக் காற்றுதான் லேசு என்று ஐரின் சொல்லிவிட்டாள். மெல்லத்தான் சொன்னாள். அவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான். சமாதானம் பேச அவள் தாய் மதலேனாவுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அதனால் இன்று காரில் ஏறும்போதே மதலேனா மகளின் காதருகில் குனிந்தாள். "வழியில வாயத் தொறக்காத. இப்ப அப்பாவோட உசிரு அந்தத் தம்பி கையில."

பின்னால் இடமில்லை. அந்தோனிமுத்துவின் தலை மதலேனாவின் மடியில் இருந்தது. ஐரின் முன்னால், கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்ததால்தான் அவள் கண்ணில் அது பட்டது.

புறப்படும்போதே செல்ஃப் ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி. குளிருக்கு அப்படித்தான் என்று ஹென்றி முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். ஒரு மைல் இறங்கியதும் மூடுபனி. பெரிய விளக்குகளைப் போட்டான். அப்போது ஐரின், பற்றரிக்கு மின்சாரம் வருவதையும் போவதையும் காட்டும் அம்மீட்டரைப் பார்த்தாள். ஊசி பூச்சியத்துக்கு இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. டைனமோ மின்சாரம் தந்துகொண்டிருந்தால் இவ்வளவு வேகத்தில் அது வலப்பக்கம் நிற்க வேண்டும். வரவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது.

ஊசி இறுகியிருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். பரிசோதனைச் சாலையிலும் ஊசிகள் இறுகுவதுண்டு. ஆனால் வளைவில் ஹென்றி ஹோர்னை அழுத்தியபோது அது இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பியது. அழுத்தும்போதெல்லாம் அப்படியே செய்தது. ஊசி பொய் சொல்லவில்லை.

விளக்கை அணையுங்கள் என்று சொன்னால் போதும். பகல்தான், மெல்லப் போகலாம். மிஞ்சியிருக்கிற மின்சாரம் எஞ்சினுக்கு மட்டும் என்றால் கண்டிவரை தாங்கும். இரண்டு சொல். அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. பன்விலைக் கடைகள் வந்தன, போயின. விளக்கு மஞ்சளாயிற்று. ஹோர்ன் கம்மியது. எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு ஓய்ந்தது.

"பெற்றோல் வரல்ல" என்று ஹென்றி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான்.

பெற்றோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினான். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து மாட்டினான். பிளக்குகளைத் தேய்த்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றினான். விளக்கை மட்டும் அணைத்திருந்தான்.

"தம்பி, ஒங்க காருக்கும் கொடலு எறங்கிடுச்சா?" என்றார் அந்தோனிமுத்து. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பித்தம் பச்சையாக வாயோரம் வழிந்தது. மதலேனா முந்தானையால் துடைத்தாள்.

இனிச் சொல்லி என்ன? வேறு பற்றரி இல்லாமல் இந்தக் கார் நகராது. சொன்னால் அவன் முகம் சிறுக்கும், அவ்வளவுதான். ஐரின் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை தூறிற்று.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அரிசி ஏற்றிய லொறி ஒன்று கீழேயிருந்து முனகிக்கொண்டு ஏறி வந்து நின்றது. ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், தலையில் தொப்பி. ஜவாஹிர் என்று பெயர் சொன்னார்.

"என்னத்த தம்பி, நடுப் பாதையில கட விரிச்சி ஈக்கிறீங்க?"

பின்னால் பார்த்ததும் குரல் இறங்கியது. "யா அல்லா. ஏத்திப் போவன். திருப்ப எடமில்லியே. மேல போய்த் திருப்பி வந்து கண்டிக்கிப் போக ரெண்டர மணித்தியாலம் ஆவும்."

"நேரமில்லீங்க" என்றாள் மதலேனா.

"அப்ப இதத்தான் கிளப்போணும். பற்றரி பாத்தீங்களா?"

"போன மாசம்தாங்க புதுசு போட்டேன்" என்றான் ஹென்றி. கையை உள்ளே விட்டு ஹோர்னை அழுத்தினான். முக்கால் மணி நேரம் சும்மா கிடந்த கார், 'பீ' என்று நன்றாகவே கத்தியது.

"அது நல்லம் போல" என்றார் ஜவாஹிர். "எனக்கு இந்தப் பற்றரித் தொல்லையே இல்ல. நம்மட லொறி மெக்னெட்டோ. பற்றரியக் கழட்டி வீசினாலும் ஓடும், லைட்டுக்கு மட்டும்தான் அது. ஒரு டின் பெற்றோல் தாரன். பழசுல தண்ணி கலந்திருக்கும்."

களைத்த பற்றரி கொஞ்சம் ஓய்ந்தால் ஒரு நிமிடம் உயிர் வந்ததுபோல் காட்டும். ஐரினுக்கு அது தெரியும். அங்கே நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஹென்றி டின்னை வாங்கி ஊற்றினான். நான்கு தடவை சுற்றினான். எஞ்சின் ஒரே ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது.

ஜவாஹிர் வெற்று டின்னை வாங்கிக்கொண்டார். "பின்னால பஸ் வந்தாலும் வரும், தம்பி. மேல தோட்டத்துல அரிசிக்கிக் காத்துக்கிட்டு ஈக்கிறாங்க." லொறியின் முன்னால் போய்க் குனிந்து சுற்றினார். ஒரே சுற்றில் அது கிளம்பியது. ஏறி உட்கார்ந்தார். சில்லு அரையடி நகர்ந்தது.

அந்தோனிமுத்து முனகுவதை நிறுத்தியிருந்தார்.

ஐரின் கதவைத் திறந்தாள். மதலேனாவின் கை பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தது. அவள் அதை எடுத்துவிட்டு இறங்கி, லொறிக்கு முன்னால் போய் நின்றாள். ஜவாஹிர் பிரேக்கை மிதித்தார். எண்ணெய்க் கையோடு ஹென்றி திரும்பிப் பார்த்தான்.

"ஒங்க பற்றரிய எங்களுக்குக் குடுங்க" என்றாள். பிறகு ஹென்றியைப் பார்த்துச் சொன்னாள்: "பெற்றோல் கோளாறு இல்லீங்க. டைனமோதான் வேலை செய்யல. பன்விலைக்கு முந்தியே அம்மீட்டர் ஊசி எடப்பக்கம் சாஞ்சி கெடந்திச்சு. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."