தோற்பவருக்கே முன்னறை

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் செல்லும் சந்தில், பாக்கியலக்ஷ்மி வாழ்க்கைப்பட்ட வீட்டில், யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது அதனினும் கீழ். ஒரு பொருள் ஒருவருக்குத் தேவைப்பட்டால், அது தமக்குத் தேவையே இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி அவர் அறிவிக்க வேண்டும். மற்றவர்கள் நெகிழ்ந்துபோய் அதை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். இக்கலையில் கரைகண்டவர் வீட்டின் மூத்த மகன் பிச்சை. தமக்கென்று எதையுமே விரும்பாத அந்த உத்தமரிடம்தான் வீட்டின் பெரிய அறையும், பெரிய கட்டிலும், சத்தமில்லாமல் சுற்றும் ஒரே மின்விசிறியும் இருந்தன.

இந்த ஏற்பாட்டுக்குள் போக்கர் சில்லுகள் நுழைந்தது பாக்கியலக்ஷ்மியால்தான். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேவுக்கு அவள் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கிறாள். யாரோ விருந்தினர் மறந்துவிட்டுப் போன பெட்டி ஒன்றை, இனி ஆள் வரப்போவதில்லை என்று உறுதியானதும், உரிமையாளர் அவள் தலையில் கட்டிவிட்டார். உள்ளே சிவப்பும் நீலமுமாக, கையில் எடுத்தால் கனக்கும் வட்டச் சில்லுகள்.

"சூதாட்டச் சாமானை வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கே," என்றான் அவள் கணவன் மாரிச்செல்வம். வெலிங்டன் தீவுக் கிடங்கொன்றில் சுமை தூக்கும் வண்டி ஓட்டும் அவனுக்கு, விடுமுறை நாள்களில் மட்டும் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடைக்கும்.

பிச்சை ஒரு சில்லை நகத்தால் தட்டிப் பார்த்தார். "காசு வைக்காம ஆடினா அது சூதில்லைடா. குடும்பம்."

ஆட்டத்தைக் கைபேசியில் தேடி எடுத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கும் பாக்கியலக்ஷ்மியின் மகள் அஞ்சு. ஆளுக்கு ஐந்து சில்லு. பகடையில் ஒன்று விழுந்தால் இடப்பக்கத்தாருக்கு ஒரு சில்லு. இரண்டு விழுந்தால் வலப்பக்கத்தாருக்கு. மூன்று விழுந்தால் நடுவிலுள்ள எவர்சில்வர் தட்டுக்கு. வேறு எது விழுந்தாலும் கைச்சில்லுக்குச் சேதமில்லை. கடைசியில் யாரிடம் சில்லு மிஞ்சுகிறதோ அவர் ஜெயித்தவர். மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டம் என்பதால் எல்லோருக்கும் உடனே பிடிபட்டது.

பிச்சைக்கு மட்டும் அது போதவில்லை. தானம் என்றொரு விதியைச் சேர்த்தார். முறை வரும்போது பகடையை உருட்ட மனமில்லாதவர், தம் சில்லுகளை விரும்பியவருக்குக் கொடுத்துவிடலாம்.

"அது ரூல்ல இல்லை பெரியப்பா," என்றாள் அஞ்சு.

"ரூல் எழுதினவனுக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்லை போல, மோளே."

அன்றிலிருந்து, பங்குபோட முடியாத பொருள் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தது. ஜெயித்தவருக்குப் பொருள் என்பது பேச்சு. நடந்தது வேறு. புது மின்விசிறியை ஜெயித்த மாரிச்செல்வம், "நமக்கெதுக்கு, அண்ணன் வச்சுக்கட்டும்," என்றான். அண்ணன் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை மிகுந்த வருத்தத்தோடு வாங்கிக்கொண்டார். கரிமீனின் நடுத்துண்டும் அதே வருத்தத்தோடுதான் அவர் தட்டுக்குப் போயிற்று. ஜெயித்தவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும், பெருந்தன்மையாகத் தோற்றவருக்கே பொருள் போகும் என்பது நாளடைவில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆகவே அந்த மேசையைச் சுற்றி நான்கு பெரியவர்கள் தோற்பதற்காக உயிரைக் கொடுத்து ஆடலாயினர்.

இப்படியிருக்க, மாமனார் அய்யாசாமி வைப்பின் தீவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். முன்னறை காலியாயிற்று.

தெருவைப் பார்த்த பெரிய சன்னல் உள்ள அறை அது. பாக்கியலக்ஷ்மியின் தையல் இயந்திரமோ அடுக்களையில், அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. அண்மையில் ஹோம்ஸ்டே விருந்தினர் ஒருவர், இரவெல்லாம் மத்திக் குழம்பின்மேல் தலைவைத்துப் படுத்ததாகக் குறைகூறிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு முறை உறைகளில் மீன் வாடை அடித்தால் தையல் வேலை எர்ணாகுளத்துக் கடைக்குப் போய்விடும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். இரண்டு குடும்பங்கள் சாப்பிடும் வீட்டில் மீன் பொரிப்பதை நிறுத்த முடியாது. இயந்திரத்தைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்த இருந்த இடம் முன்னறை ஒன்றே.

"உங்க அண்ணன்கிட்ட நேராக் கேளுங்களேன்," என்றாள் கணவனிடம்.

"அண்ணன்கிட்ட எப்படிக் கேக்குறது? அவரா மனசு வச்சுத் தருவாரு."

"இதுவரைக்கும் என்ன தந்திருக்காரு?"

மாரிச்செல்வம் நெடுநேரம் நினைவைத் துழாவினான். "ஓணத்துக்கு ஒரு குலை நேந்திரம்பழம் தந்தாருல்ல."

"அது நாம வாங்கினது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சை அடுக்களை வாசலில் வந்து நின்றார். "பாக்கியம், உன் டேப்பைக் கொஞ்சம் தா. சும்மாதான்."

அளவு நாடாவைச் சும்மா வாங்கிக்கொண்டு போனார். சற்றுப் பொறுத்து முன்னறைப் பக்கம் போன பாக்கியலக்ஷ்மி, அவர் நாடாவின் ஒரு முனையையும் அவர் மனைவி சோனியா மறுமுனையையும் பிடித்துச் சுவரை அளப்பதைக் கண்டாள். சோனியா பள்ளுருத்திக்காரி, மலையாளத்தைத் தமிழ் என்று நம்பிப் பேசுபவள்.

"பெரிய டிவி சுகமா நிக்கும்," என்றார் பிச்சை.

"அதுக்கு ரூம் நமக்குக் கிட்டணுமல்லோ," என்றாள் சோனியா.

"தன்னால வரும். நீ பேசாம தோத்துக்கிட்டிரு, போதும்."

பாக்கியலக்ஷ்மி வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள். பிச்சை நாடாவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிற்பகலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அஞ்சு சில்லுகளைப் பங்கிட்டாள். முதலில், வழக்கப்படி, துறவு மேற்கொள்ளும் சடங்கு நடந்தது.

"எனக்கெதுக்கு முன்னறை? இந்த வயசுல ஒரு மூலை இருந்தாப் போதும்," என்றார் பிச்சை. அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

"ஞங்களுக்கு உள்ளதே ஜாஸ்தி," என்றாள் சோனியா.

"எங்களுக்கும் வேண்டாம்ணே," என்றான் மாரிச்செல்வம்.

அடுத்துத் தன் முறைக்குப் பாக்கியலக்ஷ்மியும் எதையாவது துறந்திருக்க வேண்டும். "ஆடலாம்," என்றாள் அவள்.

முதல் முறை மாரிச்செல்வத்துக்கு. அவன் பகடையைத் தொடவே இல்லை. தன் ஐந்து சில்லுகளையும் அண்ணன் பக்கம் தள்ளி, "இது உங்களுக்குண்ணே," என்றான். ஒரே வீச்சில் தம்பி தன்னைவிடப் பெரிய தோல்வி அடைந்துவிட்டதைக் கண்ட பிச்சையின் முகம், பேருந்தில் யாரோ மடியில் அழுகிற குழந்தையை வைத்துவிட்டுப் போனதுபோல் ஆயிற்று. பத்துச் சில்லுகளோடு பகடையை உருட்டினார். ஆறு. ஒன்றும் குறையவில்லை.

"லக்குதாண்ணே உங்களுக்கு," என்றான் தம்பி, பொறாமையில்லாமல்.

அடுத்தவள் சோனியா. "பாக்கியம் நல்லா தைக்குமல்லோ. அவ வச்சோட்டே," என்று தன் ஐந்தையும் பாக்கியலக்ஷ்மிக்குத் தானம் செய்துவிட்டு, பெரிய சுமையை இறக்கியவள்போல் நாற்காலியில் சாய்ந்தாள்.

பாக்கியலக்ஷ்மி உருட்டினாள். நான்கு. அவளிடமும் பத்து.

வெறுங்கையனான மாரிச்செல்வத்துக்கு முறை கிடையாது, மீண்டும் பிச்சை. அவர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். தம்பியிடம் கொடுக்கலாம், ஆனால் அவன், மனைவி முகத்தைப் பார்த்து 'வேணும்' என்று உளறிவிடக் கூடியவன். சோனியாவிடம் கொடுத்தால் தமக்கே கொடுத்துக்கொண்டதாக ஊர் சொல்லும். பாக்கியம்தான் பத்திரம். பதினாறு வருடங்களில் இந்த வீட்டில் எதற்கும் 'சரி, வேணும்' என்று சொல்லாதவள். இரண்டாம் கரண்டிச் சோற்றுக்கே கையைக் குறுக்கே நீட்டுபவள். ஜெயிப்பதற்கு இவ்வளவு தகுதியுடையவள் வேறு யார்?

பத்துச் சில்லுகளையும் இரு கைகளாலும் அணைத்து அவள் முன்னே தள்ளினார். "இந்தாம்மா. வீட்டுக்கு வந்த லக்ஷ்மி நீ."

"அம்மா ஜெயிச்சாச்சு," என்றாள் அஞ்சு. "தட்டுல ஒண்ணுமே விழலை."

எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் அனைவருக்கும் மனப்பாடம். மேசைக்கடியில் மாரிச்செல்வத்தின் கால் விரல் அவள் பாதத்தை அழுத்தி முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தது. பிச்சை முதல் மறுப்புக்கு வாகாக ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

"சரி," என்றாள் பாக்கியலக்ஷ்மி.

அதை நீண்ட வாக்கியம் ஒன்றின் தொடக்கமென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எதுவும் வரவில்லை. ஆனால் பிச்சையின் வாய் பழக்கத்துக்கு அடிமைப்பட்டது. யாரும் கொடுக்காததை அது மறுத்துவிட்டது.

"எனக்கு வேண்டாம்மா. நீயே வச்சுக்கோ."

"சரி அத்தான்."

"இல்லை, நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும்தான் அத்தான். நாளைக்கே மெஷினை அங்க மாத்திடறேன்."

இரண்டு மறுப்புகளும் செலவாகிவிட்டன. வருத்தத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டிய மூன்றாவது வாய்ப்பு மட்டும் வரவில்லை. பிச்சை தம்பியைப் பார்த்தார்.

"பாக்கியம்," என்று மாரிச்செல்வம் தொண்டையைச் செருமினான், "அண்ணன் மூத்தவரு..."

"அதனாலதான் அவரு சொல்லுக்கு மறுபேச்சு பேசலை."

சோனியாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றப் பார்த்து, முடியாமல், "சாயா இடட்டே?" என்று எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்து இருமல் நெடுநேரம் கேட்டது.

"நல்லா யோசிச்சுக்கோம்மா," என்றார் பிச்சை. "மழை வந்தா அந்த சன்னல்ல சாரல் அடிக்கும்."

"மீன் வாடை அடிக்காதில்ல அத்தான்."

அஞ்சு சில்லுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். பாக்கியலக்ஷ்மி எழுந்து, பிச்சையின் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

"என் டேப்பு, அத்தான்."

பிச்சை சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தார். டிவியின் அகலம் மறந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முடிச்சை அவிழ்க்காமலே கொடுத்தார். அவள் அதை நகத்தால் பிரித்து உதறி நேராக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனாள். உள்ளேயிருந்து, சந்துக்கே கேட்கும்படி, அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியமொன்றைச் செய்தாள்.

"என்னங்க, இங்க வந்து இந்த முனையைப் பிடிங்க."

மாரிச்செல்வம் அண்ணனை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து போனான்.