விசாரித்த பாவம்

விடிந்தும் விடியாமலும் வாடிப்பட்டிச் சாலை நூற்பாலையில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அறுந்த நூலை முடிந்து முடிந்தே பெண்களின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. மூக்கில் பஞ்சு, முடியில் பஞ்சு, காறித் துப்பினாலும் பஞ்சுதான்.

அவர்களுக்குச் சூப்பர்வைசர் பாக்கியமேரி. பத்து வருடம் நூல் முடிந்தவள். தொழிலாளிகளிடம் அன்பாகப் பேசி நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று மதுரை ஹோட்டல் ஒன்றில் முதலாளி சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார். மற்றவர்கள் சாப்பாட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். இவள் வெகுளி, பாடத்தை நம்பிவிட்டாள்.

டீ நேரத்தில் ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். ஒரு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முனியாயி சொன்னாள்.

"ராவெல்லாம் இருமல் மேரியக்கா. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. யார்ட்டயும் சொல்லிப்புடாத."

பாக்கியமேரிக்கு மனசு கேட்கவில்லை. தூசி குறைந்த பேக்கிங் பக்கம் அவளை மாற்றும்படி முதலாளியிடம் கேட்டாள். அவர் கனிவாகத் தலையாட்டினார். மறுநாள் காலை வாட்ச்மேன் முனியாயியைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

பாக்கியமேரி ஆபீசுக்கு ஓடினாள்.

"நீங்கதான சார் அன்பா விசாரிக்கச் சொன்னீங்க?"

"விசாரிச்சதாலதான தெரிஞ்சது? நோயாளிய வச்சு மில்லு நடத்த முடியுமா? இன்னும் யார் யாருக்கு இருமல்னு எழுதிக் குடும்மா."

அவள் வீட்டில் கணவன் லூர்துராஜ் படுத்த படுக்கை. இந்த வேலையை விட்டால் அவனுக்கு மருந்தில்லை. மெஷின் பக்கம் திரும்பி வந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"எங்க வாயக் கிளறி அங்க போய்ச் சொல்லிட்டியேக்கா!" என்றாள் முனியாயிக்குப் பக்கத்து மெஷின் ரூத்.

"நல்லதுன்னு நெனச்சேன் ரூத்து. பேரு கேக்குறாரு. ஒரே பேருதான் குடுக்கப்போறேன், எம் பேரு. எனக்கும் நாலு வருசமா மூச்சு வாங்குது. வேல போயிருமேன்னு உங்ககிட்டகூடச் சொல்லல."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ரூத் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"ஒத்தையில போனா ஒன்னையும் வெளிய தள்ளுவாரு. எனக்குந்தான் இருமுது. வா, எல்லாரும் போவோம்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினெட்டுப் பேரும் போய் நின்றதும் முதலாளி ஆபீஸ் சன்னலைச் சாத்திக்கொண்டார். நாளைக்கே வேறு ஆட்களை இறக்க அவரால் முடியும். அது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் கேட்டுக்கு வெளியே போய், வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்த முனியாயியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முனியாயி பாக்கியமேரியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆனால் இருமல் வந்து குனிந்தபோது, தன் முதுகைத் தடவிய அவள் கையைத் தட்டிவிடவில்லை.