காளான் அறைக் கதவு

சுரங்கத்தை மூடியபின், அதன் வாசலருகே தலைவிளக்குகள் வைத்திருந்த பழைய அறையில் காளான் வளர்க்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். வேலை போனவர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். பொறுப்பை அவள் தலையிலேயே கட்டினார்கள்.

அவள் கணவன் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவன். தொலைவில் வேறொரு நிலக்கரிச் சுரங்கம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "முதல் அறுவடையைப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றான். ஆனால் அவன் பெட்டி அதற்குள் கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, சுவரோரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போனாள்.

காளான் வராமல் இல்லை. குடையாக விரியவேண்டியது, விரல் நீளத் தண்டும் சட்டைப் பொத்தான் அளவு தலையுமாக வந்து நின்றது.

"எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரியே இருக்கு. உசரம் இருக்கு, தலையில ஒண்ணுமில்ல" என்றாள் காளான் படுக்கைக்கு வைக்கோல் வேகவைக்கிறவள். எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பைச் சுமந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காளான் விதை விற்றவளுக்குப் போன் போட்டாள். "அறையில காத்து போதல. கதவை மூடியே வெச்சிருக்கீங்களா?" என்றாள் விதைக்காரி.

"காலையில நானே செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வெக்கிறேங்க!"

மறுநாள் அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கவனித்தாள். பழைய சுரங்க ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். போகும்போது செங்கல்லைக் காலால் ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அடுத்தவன் திறந்துகொண்டு வந்தான், அவனும் சாத்தினான். கடைசியாக அவள் கணவன் தண்ணீர் தெளிக்க வந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தியதோடு நிற்காமல் இழுத்தும் பார்த்தான்.

"ஏங்க, நீங்களுமா?"

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. "நான் என்ன பண்ணேன்?"

"கதவை மூடுனீங்க."

அவன் தன் கையையே பார்த்தான். சுரங்கத்துக்குள் ஒரு கதவைக் கடந்தால் உடனே சாத்தவேண்டும். மறந்தால் காற்று வழிமாறி, ஆட்கள் வெட்டுகிற இடத்தில் வாயு சேர்ந்துவிடும். யாரோ மறந்த ஒருநாள், அங்கே வெட்டிக்கொண்டிருந்தவன் இவனுடைய தம்பி.

அவளுக்குக் கோபம் போய்விட்டது, பயம்தான் மிஞ்சியது. இந்தக் கை நிலத்துக்கடியில் மட்டும்தான் பிழைக்குமோ?

"முதல் அறுவடை போச்சு. போறதுன்னா போங்க, தடுக்க மாட்டேன்" என்றாள். "ஆனா நீங்க இல்லாம எனக்கு இங்க ஓடாது."

அவன் வெளியே போனான். போகிறபோக்கில் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

காலையில் எழுந்தபோது பக்கத்தில் அவனைக் காணோம். சுவரோரம் பெட்டியையும் காணோம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? முகம்கூடக் கழுவாமல் காளான் அறைக்கு ஓடினாள். வேறு எங்கே ஓடுவதென்று தெரியவில்லை.

அறைக்குக் கதவே இல்லை. வாசலில் ஈ வராமலிருக்க வலை தொங்கியது. அந்தக் கனத்த மரக்கதவு இரண்டு பீப்பாய்களின்மேல் மேசையாகப் படுத்திருந்தது. பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சுத்தியல், ஆணி, கழற்றிய கீல்கள்.

"சாமானெல்லாம் தூக்கிட்டு வர வேற பை கிடைக்கல" என்றான் அவன். "சொன்னாலும் திட்டினாலும் எங்க கை கேக்காது. இல்லாத கதவை எவன் சாத்துவான்?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ராத்திரி எவனாவது உள்ள புகுந்தா?"

அவன் நிமிராமல் ஆணி அடித்தான்.

"அதான் நான் இருக்கேன்ல."